ஐப்பசி மாத வாசிப்பு: செர்பியக் கல்லறைகளும் இரவில் படித்த காதல் கதைகளும்

மழைக்கால வாசகி (இழையைத் தொடங்கியவர்)

நண்பர்களுக்கு வணக்கம். ஐப்பசி முழுவதும் மழை விடாமல் பிடித்துக்கொண்டதால் வழக்கத்தைவிட அதிகம் படித்திருக்கிறேன். ரத்தக்காட்டேரிகள் வரும் அமானுஷ்யக் காதல் நாவல்கள் 6, அதே ரத்தக்காட்டேரிகளைப் பற்றிய வரலாற்று நூல்கள் 3. காலை ரயிலில் வரலாறு, இரவு படுக்கையில் காதல் கதை என்று பிரித்து வைத்திருந்தேன். இரண்டாம் வாரமே அந்தப் பாகப்பிரிவினை உடைந்துவிட்டது. ரயிலில் படித்தது இரவிலும் கூடவே வந்தது.

நாவல்களின் நாயகனை இங்கே பலருக்கும் தெரியும். வயது 200, 300 இருக்கும். வெளிறிய முகம், ஒட்டிய கன்னம், சில்லென்ற கை. பெரிய மாளிகை, பரம்பரைச் சொத்து. எத்தனையோ தலைமுறைகளைப் பார்த்துச் சலித்தவன், ஒரு பெண்ணைக் கண்டதும் மறுபடி வாழ ஆசைப்படுகிறான். இந்தக் கதைகளை நான் விரும்பித்தான் படிக்கிறேன். செத்தவனுக்கும் பிரியம் மிச்சமிருக்கும் என்று ஒரு கதை சொன்னால், அதைக் கீழே வைக்க எனக்கு மனம் வருவதில்லை.

வரலாற்றில் வருகிற ஆள் வேறு. பெயர் பீட்டர் பிளகோயெவிச். செர்பியாவில் கிசில்யேவோ என்ற சிற்றூரின் குடியானவன். 1718இல் கையெழுத்தான பசரோவிட்ஸ் உடன்படிக்கையால் வடசெர்பியா துருக்கியரிடமிருந்து ஆஸ்திரியாவுக்குக் கைமாறியிருந்தது. வந்த புது ஆட்சி எதையும் தாளில் ஏற்றுகிற ஆட்சி. அதனால்தான் அதுவரை திண்ணைப் பேச்சாக இருந்தது அரசாங்க அறிக்கையானது.

1725இல், பீட்டர் இறந்து 10 வாரம் ஆன நிலையில், அந்த ஊரில் 8 நாளில் 9 பேர் இறந்தார்கள். ஒவ்வொருவரும் ஒரே ஒரு நாள்தான் நோயில் கிடந்தார்கள். தூங்கும்போது பீட்டர் வந்து மேலே படுத்துக் கழுத்தை நெரித்தான் என்று சாவதற்கு முன் சொன்னார்கள். கல்லறையைத் திறக்க வேண்டும் என்று ஊரார் ஆஸ்திரிய அதிகாரி ஃபிரோம்பால்டிடம் போனார்கள். பெல்கிரேடிலிருந்து அனுமதி வரட்டும் என்றார் அவர். அது வருவதற்குள் ஊரே அழிந்துவிடும், துருக்கியர் காலத்தில் அப்படி நடந்திருக்கிறது, நாங்கள் வீடு வாசலை விட்டுப் போகிறோம் என்றார்கள் ஊரார். வேறு வழியில்லாமல் அதிகாரி ஒரு பாதிரியாரை அழைத்துக்கொண்டு போனார். பார்த்ததை எழுதினார்: உடலில் நாற்றம் இல்லை. மூக்கு மட்டும் சற்றுச் சரிந்திருக்கிறது. முடி, தாடி, நகம் எல்லாம் வளர்ந்திருக்கின்றன. பழைய தோல் உரிந்து, அடியில் புதுத்தோல் தெரிகிறது. வாயில் புது ரத்தம். ஊரார் கூர்மையான கழியை நெஞ்சில் இறக்கினார்கள், உடலை எரித்துச் சாம்பலாக்கினார்கள். இதில் தவறு ஏதும் இருந்தால் அது என்னைச் சேராது, பயத்தில் நிலைகுலைந்திருந்த கூட்டத்தையே சேரும் என்று எழுதி அதிகாரி அறிக்கையை முடித்துக்கொண்டார். அதே ஆண்டு ஜூலையில் வியன்னாவின் செய்தித்தாளில் அது அச்சானது.

அந்த அறிக்கையின் நடுவில் ஒரு வரி இருக்கிறது. பீட்டரின் மனைவி, கணவன் தன்னிடம் வந்து அவனுடைய செருப்பைக் கேட்டதாகச் சொல்லிவிட்டு, வேறொரு கிராமத்துக்குக் குடிபோய்விட்டாள். செருப்பு என்று நான் எழுதுவது 'ஒபாங்க்கி'. பால்கன் குடியானவர்கள் அணிந்த தோல் காலணி.

மற்ற 9 பேருக்கும் கழுத்து நெரிப்பு. மனைவியிடம் மட்டும் செருப்பு. மூன்று வாரமாக இந்த வரி என்னை விடவில்லை. படித்த 6 நாவல்களிலும் இவ்வளவு உண்மையான வரி ஒன்றுகூட இல்லை என்று தோன்றுகிறது. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

தாமிரபரணி

நல்ல இழை. ஆனால் இரண்டு வேறு ஆட்களுக்கு ஒரே பெயர் அமைந்துவிட்டதால் நீங்கள் அவர்களை உறவாக்குகிறீர்கள் என்று நினைக்கிறேன்.

நாவல்களின் மாளிகைக்காரன் கிசில்யேவோவில் பிறக்கவில்லை. அவன் பிறந்தது ஜெனீவா ஏரிக்கரையில். 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்து, அதன் புழுதி மறு ஆண்டு ஐரோப்பாவின் கோடையையே மறைத்துவிட்டது. 1816இல் மழைக்கு அஞ்சி வீட்டுக்குள் அடைந்து கிடந்த ஆங்கிலக் கவிஞர்கள் பைரனும் ஷெல்லியும், ஷெல்லியின் துணைவி மேரியும் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவதென்று முடிவு செய்தார்கள். பைரன் பாதியில் விட்ட கருவை எடுத்து அவருடைய மருத்துவர் பொலிடோரி ஒரு கதை செய்தார். 1819இல் அது அச்சேறியபோது பைரன் பெயரிலேயே வந்தது. ரத்தக்காட்டேரி முதன்முறையாகப் பிரபுவாகி, விருந்துகளில் பெண்களை மயக்குகிறவனாக மாறியது அதில்தான். அவனுக்குக் காதல் கிடையாது. திருமணம் செய்த பெண்ணையும் கொன்றுவிட்டு மறைகிறான்.

பிராம் ஸ்டோக்கரின் 1897ஆம் ஆண்டு நாவலான டிராகுலாவிலும் காதல் இல்லை. அந்தப் பிரபு நரைத்த நீண்ட மீசை உள்ள கிழவன். உள்ளங்கை நடுவில் மயிர், வாயில் நாற்றம். பகலிலும் நடமாடுவான், சக்தி குறைந்திருக்கும், அவ்வளவுதான். வெயில் பட்டால் சாவான் என்பது 1922இல் வந்த ஜெர்மானிய ஊமைப்படம் சேர்த்தது. தொலைந்த காதலியைத் தேடும் ரத்தக்காட்டேரி 1967இல் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் வந்தான். 1974இலும் 1992இலும் வந்த படங்கள் டிராகுலாவுக்கே அந்தக் காதலை ஒட்டிவைத்தன. ஆக, காதல் என்பது நேற்றுப் பூசிய வண்ணம். குடியானவன் வீட்டுச் செருப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை.

மழைக்கால வாசகி

தாமிரபரணி ஐயா, பிரபுவின் வம்சாவளியை ஒப்புக்கொள்கிறேன். காதல் நேற்று வந்தது என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பொலிடோரிக்கு முன்பே, 1773இல் பியூர்கர் என்ற ஜெர்மானியக் கவிஞர் 'லெனோர்' என்ற கதைப்பாடலை எழுதினார். போருக்குப் போன படைவீரர்கள் எல்லாம் ஊர் திரும்புகிறார்கள், லெனோரின் வில்ஹெல்ம் மட்டும் வரவில்லை. அவள் தெருவில் ஓடி ஒவ்வொருவரிடமும் கேட்கிறாள். தாய் ஆறுதல் சொல்லச் சொல்ல, கடவுளையே நிந்திக்கிறாள். நள்ளிரவில் குதிரைக் குளம்போசை. வில்ஹெல்ம் வந்துவிட்டான். அவனோடு ஏறிக்கொள்கிறாள். இறந்தவர்கள் வேகமாகச் சவாரி செய்வார்கள் என்று வழி நெடுக அவன் திரும்பத் திரும்பச் சொல்கிறான். பயணம் கல்லறையில் முடிகிறது. டிராகுலாவின் தொடக்கத்தில், கோச்சு வண்டியில் கூட வரும் பயணி ஒருவர் முணுமுணுப்பது இந்தப் பாட்டின் அடிதான். காதல் அந்த வண்டியிலேயே உட்கார்ந்து வந்திருக்கிறது.

ஓய்வுபெற்ற செவிலி

இந்த இழையில் நான் எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். 31 ஆண்டுகள் செவிலியாக இருந்தவள், அதில் 6 ஆண்டுகள் காசநோய் வார்டில்.

முதலில் அந்த அதிகாரி பார்த்தது. அவர் பொய் எழுதவில்லை. இறந்த உடலில் தோல் சுருங்கும்போது நகமும் தாடியும் வெளியே நீண்டு, வளர்ந்ததுபோல் தெரியும். மேல்தோல் தானாகக் கழன்று வரும், அடியில் இருப்பது சிவந்து புதிதாகத் தெரியும். வயிற்றில் வாயு சேர்ந்து உடல் உப்பும். அந்த அழுத்தத்தில் உள்ளே இருக்கும் கருஞ்சிவப்பு நீர் வாய்க்கும் மூக்குக்கும் ஏறி வரும். குளிர் மண்ணில் ஆழமாகப் புதைத்திருந்தால் 10 வாரம் ஒன்றும் பெரிய காலம் அல்ல. பிணத்தைக் கழுவிப் பழகியவர்களுக்கு இது புதிதில்லை. புதைத்த பிறகு தோண்டிப் பார்க்கும் வழக்கம் இல்லாதவர்களுக்கு எல்லாமே உயிர்தான்.

இன்னொன்று. இறந்தவர் முதலில் சொந்த வீட்டாரிடம்தான் வருவார் என்று பல நாடுகளில் சொல்லியிருக்கிறார்கள் அல்லவா? என் அனுபவத்தில் அது மூடநம்பிக்கை என்று தள்ளிவிடக்கூடியது அல்ல. அது கண்ணால் பார்த்த உண்மை, காரணத்தை மட்டும் தவறாகச் சொன்னார்கள். நோயாளியின் பக்கத்தில் படுத்து, இருமும்போது முதுகைத் தடவி, எச்சில் கிண்ணத்தை ஏந்தியவர்தான் அடுத்து இருமத் தொடங்குவார். கூடத்தில் தள்ளிப் படுத்தவர் தப்பித்துவிடுவார். வார்டில் ஒரு தாய், மகனின் தலையை மடியிலிருந்து இறக்க மறுத்து உட்கார்ந்திருப்பார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள் அம்மா என்று நான் தினமும் சொல்வேன். "அவன் என்னைப் பார்க்க வேண்டாமா?" என்பார். எட்டு மாதத்தில் அதே வார்டில் அவருக்கும் கட்டில் போட்டோம். அவர் மருந்தைத் தவறாமல் சாப்பிட்டார், பிழைத்துக்கொண்டார். மருந்தே இல்லாத காலத்தில் இதை யார் எப்படி விளங்கிக்கொண்டிருப்பார்கள்?

அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்தில் எக்ஸிட்டர் என்ற ஊரில் நடந்ததைப் படித்துப் பாருங்கள். ஜார்ஜ் பிரவுன் என்ற விவசாயியின் மனைவியும் மூத்த மகளும் காசநோயில் போனார்கள். 1892 ஜனவரியில் 19 வயது மகள் மெர்சியும் போனாள். மகன் எட்வினும் படுத்துவிட்டான். இறந்தவர்களில் ஒருவர் எட்வினை உறிஞ்சுகிறார் என்று அக்கம்பக்கத்தார் தகப்பனை நெருக்கினார்கள். அவருக்கு அதில் நம்பிக்கை இல்லை, ஆனாலும் சம்மதித்தார். மார்ச் 17ஆம் தேதி சவப்பெட்டிகளைத் திறந்தார்கள். தாயும் மூத்த மகளும் எலும்பாக இருந்தார்கள். குளிர்காலம் என்பதால் மெர்சியின் பெட்டி தரைக்கு மேல் கல்லறையில் வைக்கப்பட்டிருந்தது. உடல் கெடவில்லை. இது இயல்புதான், நுரையீரலில் காசநோயின் தடம் இருக்கிறது என்று மருத்துவர் சொன்னார். கேட்பார் இல்லை. இதயத்தையும் ஈரலையும் ஒரு பாறைமேல் எரித்து, சாம்பலை நீரில் கலந்து எட்வினுக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். இரண்டு மாதத்துக்குள் அவனும் இறந்துவிட்டான். காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் 1882இலேயே கண்டுபிடித்து அறிவித்திருந்தார்.

தங்கையின் இதயத்தின் சாம்பலை அண்ணன் குடித்தான். இதைப் படித்த அன்று நான் வேறு எதையும் படிக்கவில்லை.

கரிசல் மண்

செவிலி அக்காவின் பதிவுக்குப் பிறகு எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் காதல் நாவல்களைப் பற்றி ஒரு குறையைச் சொல்லியே ஆக வேண்டும்.

1732 ஜனவரியில் மெத்வெஜா என்ற செர்பியக் கிராமத்துக்குப் படை மருத்துவர் ஃபுளூக்கிங்கர் போனார். மூன்று மாதத்தில் 17 பேர் அங்கே இறந்திருந்தார்கள். அவர் அறிக்கையில் ஸ்தனோய்க்கா என்ற 20 வயதுப் பெண் வருகிறாள். நலமாகப் படுக்கப் போனவள் நள்ளிரவில் அலறிக்கொண்டு நடுநடுங்கி எழுந்தாள். 9 வாரத்துக்கு முன் இறந்துபோன மில்லோ என்ற இளைஞன் வந்து கழுத்தை நெரித்ததாகச் சொன்னாள். மூன்றாம் நாள் இறந்தாள்.

எங்கள் ஊரில் இதை அமுக்குவான் பேய் என்போம். விழிப்பு வந்திருக்கும், கை கால் அசையாது, நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்ததுபோல் இருக்கும். எனக்கே கல்லூரி விடுதியில் இரண்டு முறை வந்திருக்கிறது. அந்த அச்சத்தை அனுபவித்தவன் என்பதால் கேட்கிறேன்: நள்ளிரவில் பெண்ணின் கட்டிலருகே அவளுக்குத் தெரியாமல் ஒருவன் நின்று, அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். இதே காட்சியை நாவல்கள் காதல் என்று எழுதுகின்றன. ஸ்தனோய்க்கா அலறிய இடத்தில் இவர்களின் நாயகி நாணுகிறாள். இது எனக்குச் செரிக்கவே இல்லை.

தாமிரபரணி

கரிசல் மண் சொல்வதை முழுமையாக வழிமொழிகிறேன்.

தனியாக ஒன்று: வேதாளத்தை ஏன் யாரும் சொல்லவில்லை என்று தனிமடலில் ஒரு நண்பர் கேட்டார். வேதாளம் அடுத்தவர் பிணத்தில் குடியேறுகிற ஆவி, ரத்தம் குடிக்க அலைவதில்லை. அது கதை சொல்லும், புதிர் போடும். 1870இல் ரிச்சர்ட் பர்ட்டன் விக்கிரமாதித்தன் கதைகளை ஆங்கிலமாக்கியபோது வேதாளத்துக்கு ரத்தக்காட்டேரி என்ற சொல்லையே தலைப்பில் போட்டுவிட்டார். குழப்பம் அங்கிருந்து வந்தது. பர்ட்டனை நேரில் சந்தித்த ஸ்டோக்கர், அவருடைய கோரைப் பல்லைப் பற்றி எழுதியிருக்கிறார்.

ஏடு சுமப்பவர்

செத்தவர் காதலுக்காக வருவது எவ்வளவு பழையது என்ற கேள்விக்கு என் பங்கு. ரோமப் பேரரசர் ஹாட்ரியன் காலத்தில், 2ஆம் நூற்றாண்டில், ஃப்லெகோன் என்பவர் கிரேக்க மொழியில் அதிசயங்களைத் தொகுத்தார். அதன் முதல் கதையே காதல் கதை. கைப்பிரதியில் தொடக்கம் அழிந்துவிட்டதால் கதவுக்கு வெளியே நின்று எட்டிப் பார்ப்பதுபோல்தான் நமக்கு ஆரம்பமாகிறது.

வீட்டுக்கு விருந்தாளியாக வந்த மக்காதெஸ் என்ற இளைஞனின் அறைக்கு இரவில் ஒரு பெண் வருகிறாள். அவள் 6 மாதத்துக்கு முன் இறந்த அந்த வீட்டு மகள் ஃபிலின்னியோன். அவனுக்குத் தெரியாது. அவன் ஓர் இரும்பு மோதிரமும் பொன்முலாம் பூசிய கிண்ணமும் கொடுக்கிறான். அவள் தன் பொன் மோதிரத்தையும் மார்க்கச்சையையும் விட்டுப் போகிறாள். செவிலித்தாய் விளக்கொளியில் பார்த்துவிட்டு ஓடிப்போய்ச் சொல்கிறாள். மறுநாள் இரவு பெற்றோர் உள்ளே நுழைந்து அழுகிறார்கள். மூன்றே நாள் என் தகப்பன் வீட்டில் நான் இருக்க உங்களுக்கு மனம் பொறுக்கவில்லையே என்று சொல்லிவிட்டு மகள் மறுபடி பிணமாகச் சாய்கிறாள். கல்லறையைத் திறந்தால் அவள் கிடத்தப்பட்ட இடத்தில் உடல் இல்லை. இரும்பு மோதிரமும் கிண்ணமும் இருக்கின்றன.

ஜெர்மானியக் கவிஞர் கேதே 1797இல் 'கொரிந்த் மணப்பெண்' எழுதியது இதை வைத்துத்தான். ஏறக்குறைய 1,900 ஆண்டு வயதுள்ள பூச்சை நேற்றைய வண்ணம் என்பது சரியாகாது, தாமிரபரணி.

வெண்ணாற்றங்கரை

நான் இங்கே படிப்பதோடு சரி. கரிசல் மண் தம்பிக்குப் பதில் சொல்ல வேண்டும் போலிருந்தது.

என் கணவர் இறந்து இரண்டு ஆண்டு ஆகிறது. அதன் பிறகுதான் இந்தக் காதல் நாவல்களைப் படிக்க ஆரம்பித்தேன். மகளின் கைப்பேசியில் இருந்தது, தூக்கம் வராத ஒரு நாள் திறந்தேன். நீங்கள் சொல்லும் கட்டிலருகே நிற்கும் காட்சி எனக்கும் பிடிக்காது, தாண்டிப் போய்விடுவேன். எனக்குப் பிடித்தது வாசல். அழைக்காமல் அவன் வீட்டுக்குள் வர முடியாது என்று பல கதைகளில் ஒரு விதி இருக்கிறது. படியில் நிற்பான். அவள் உள்ளேயிருந்து பார்ப்பாள். பிறகு வா என்பாள். அந்த ஒரு சொல்லுக்காகவே சில நாவல்களை இரண்டு முறை படித்திருக்கிறேன். நீங்கள் எல்லோரும் எழுதிய வரலாற்றில் கழி இருக்கிறது, நெருப்பு இருக்கிறது, அழுகிற பெற்றோர் இருக்கிறார்கள். வா என்று சொன்ன ஒருவர்கூட இல்லை. இந்தப் புத்தகங்களில்தான் ஒருத்தி சொல்கிறாள்.

செருப்பைப் பற்றி. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவருடைய துணிமணிகளை எல்லாம் கொடுத்துவிட்டோம். வாசலில் கிடந்த செருப்பை எடுக்க யாருக்கும் நினைவு வரவில்லை. அவர் இடது காலைச் சற்று இழுத்து நடப்பார், அதனால் இடது செருப்பின் வெளி ஓரம் மட்டும் தேய்ந்து சாய்ந்திருக்கும். இன்றும் அங்கேதான் இருக்கிறது. வாசல் பெருக்கும்போது எடுத்துவிட்டுப் பெருக்கி, திரும்ப அதே இடத்தில் வைக்கிறேன். கேட்டு வந்தால் நான் கொடுத்திருப்பேன். ஊரை விட்டுப் போயிருக்க மாட்டேன்.

கரிசல் மண்

அக்கா, நாவல்களில் அந்த வாசற்படியை நான் கவனிக்கவே இல்லை. கட்டிலருகே நிற்பதைப் பற்றி நான் சொன்னதில் மாற்றமில்லை. ஆனால் படியில் நிற்பவன் வேறு ஆள் என்பது இப்போது புரிகிறது. நீங்கள் இரண்டு முறை படித்ததாகச் சொன்னவற்றின் பெயர்களைத் தனிமடலில் அனுப்புங்கள், படிக்கிறேன்.

ஓய்வுபெற்ற செவிலி

வெண்ணாற்றங்கரை அம்மா, நன்றி. வார்டில் ஒருவர் இறந்ததும் உடலை எடுத்துப்போக வருகிறவர்கள் கட்டிலுக்கு அடியில் கிடக்கும் செருப்பை மறந்துவிட்டுப் போவார்கள். பெரும்பாலும் அடுத்த நாள் யாராவது ஒருவர் அதற்காகவே பஸ் ஏறி வருவார். அதற்கென்று அலமாரியில் ஒரு தட்டு ஒதுக்கி வைத்திருந்தேன்.

மழைக்கால வாசகி

எல்லோருக்கும் நன்றி. வியன்னாவின் மருத்துவர் வான் ஸ்வீட்டனின் ஆய்வைக் கேட்டு 1755இல் மரியா தெரசா பேரரசி கல்லறைகளைத் தோண்டுவதற்குத் தடை விதித்ததைப் பற்றியும் எழுத நினைத்திருந்தேன். அது அடுத்த மாதத்துக்கு இருக்கட்டும். கார்த்திகையில் ஃப்லெகோனின் கதையை மொழிபெயர்ப்பில் முழுமையாகப் படித்துவிட்டு வருகிறேன். கூடவே வெண்ணாற்றங்கரை அம்மா சொன்ன வாசற்படி நாவல் ஒன்று.

உங்கள் பதிவைப் படித்ததும் அறிக்கையைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன் அம்மா. மனைவி செருப்பைக் கொடுத்தாளா என்று அதில் இல்லை. அவள் பெயரும் இல்லை.

வெண்ணாற்றங்கரை

குடிபோன ஊரின் பெயர்?

மழைக்கால வாசகி

அதுவும் இல்லை அம்மா. வேறொரு கிராமம் என்று மட்டும் இருக்கிறது.